சம்பளம் 20 ஆம் திகதிக்கு முன்னமே முடிந்துவிடுகிறது: சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு வருடக் கணக்கு

மானிப்பாயில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவர் ஒரு தனியார் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் வேலை, இவர் ஒரு பாமசியில். இரண்டு சம்பளமும் சேர்ந்து மாதம் 128,000 ரூபாய். மகனுக்கு ஐந்து வயது, வருகிற தையில் முதலாம் வகுப்பு. மகளுக்கு இரண்டு வயது, பகலில் அம்மம்மா பார்க்கிறார். சீதனவீடு என்பதால் வாடகை இல்லை. இருந்தும் 20 ஆம் திகதிக்கு முன்னமே கை வெறுமையாகிறது. போன வருடம் ஒரு காப்பை 90,000 ரூபாய்க்கு அடகு வைத்திருக்கிறார்கள், இன்னும் மீட்கவில்லை. தை முதலாம் திகதி இருவரும் இருந்து ஒன்பது இலக்குகள் எழுதினார்களாம். பங்குனி முடியப் போகிறது, ஒன்றுகூடத் தொடங்கவில்லை. "எங்கே பிழை விடுகிறோம், அக்கா? 5,000 ரூபாய்ச் சீட்டு ஒன்றில் சேர்ந்தால் காப்பை மீட்கலாமா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, நான் 26 வருடம் ஒரு சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவள். மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். நீங்கள் அனுப்பிய மாதக் கணக்கை இரண்டு முறை பார்த்தேன். சாப்பாட்டுச் சாமான், மரக்கறி, மீன் 52,000. பால்மா, பம்பேர்ஸ், பிஸ்கற் 18,000. கரண்ட், காஸ், போன் 15,000. மோட்டார் சைக்கிள் லீசிங் 14,000. பெற்றோல் 10,000. மாமியாருக்கு 8,000. முன்பள்ளி 4,000. கூட்டினால் 121,000. ஆக, மாதம் 7,000 மிஞ்ச வேண்டும். அது மிஞ்சவில்லை என்பதோடு காப்பும் போயிருக்கிறது. கணக்கில் பொய் இல்லை, ஆனால் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க மாதத்தை விட்டுவிட்டு வருடத்தைப் பாருங்கள். எங்கள் ஊரில் செலவு மாதாமாதம் ஒரே அளவில் வருவதில்லை, திரண்டு வரும். பள்ளிக்கூடம் தொடங்குகிற மாதத்தில் பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாகத் தரும். ஆனால் தையல்கூலி, சப்பாத்து, பை, கொப்பி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் எங்கள் பாடு. அதே மாதம் பொங்கல். அந்த நேரத்தில்தான் மாரி மழை விட்டு, டெங்குக் காய்ச்சலும் யாழ்ப்பாணத்தில் கூடுகிற காலம். சித்திரையில் வருடப்பிறப்பு. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடி ஏறினால் 25 நாளைக்குப் பிள்ளைகளுக்கு வேறு நினைப்பு இருக்காது. பிறகு தீபாவளி. இடையில் மோட்டார் சைக்கிளுக்கு வரிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனை. இது தவிர கலியாணவீடு, சாமத்தியவீடு, அந்தியேட்டி. இவை எதுவும் மாதக் கணக்குக் கொப்பியில் ஒரு வரியாக நிற்பதில்லை. ஆனால் வராத வருடமும் இல்லை.

உங்கள் வீட்டுக்கு நான் போட்டுப் பார்த்த உத்தேசம் இது. பள்ளிக்கூடமும் பொங்கலும் 32,000, சித்திரை வருடப்பிறப்பு 15,000, வாகனப் பத்திரங்கள் 9,000, நல்லூர் 10,000, தீபாவளி 15,000, இரண்டு பிறந்தநாள் 20,000, சொந்தக்காரர் வீட்டு விசேடங்கள் 30,000, காய்ச்சல் தடிமனுக்குத் தனியார் வைத்தியரும் மருந்தும் 24,000, வீட்டுத் திருத்தம் 25,000. மொத்தம் 180,000. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 15,000. உங்களிடம் மிஞ்சுவது 7,000. மாதம் 8,000 குறைகிறது, வருடத்துக்கு 96,000. இப்போது காப்பு எவ்வளவுக்கு அடகில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த 90,000 எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு வேலை. மாதம் 8,000 ரூபாயைக் கண்டுபிடிப்பது ஒன்று. 15,000 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுவது மற்றது. மாத முடிவில் மிஞ்சினால் போடலாம் என்று நினைத்தவர்களின் சேமிப்புப் புத்தகங்களை 26 வருடம் பார்த்திருக்கிறேன். அவற்றில் முதல் பக்கத்தில் இரண்டு வரிதான் இருக்கும்.

15,000 ரூபாய்க்கு ஒரு தனிக் கணக்குத் திறவுங்கள், அதற்கு ஏ.ரி.எம். காட் எடுக்க வேண்டாம். 1972 இல் தொடங்கிய தேசிய சேமிப்பு வங்கியில் வைத்தால் முதலுக்கும் வட்டிக்கும் அரசாங்க உத்தரவாதம் உண்டு. உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கம் ஒழுங்காகக் கணக்குக் காட்டுகிற சங்கம் என்றால் அங்கும் வைக்கலாம். பிள்ளைகளின் பெயரில் உள்ள சிறுவர் சேமிப்புக் கணக்கில் மட்டும் இந்தக் காசைப் போடாதீர்கள். பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயது வரும்வரை அதை எடுக்க முடியாது. சித்திரைக் கைவிசேடத்துக்குத்தான் அது சரியான இடம். இன்னொன்று: 2025 சித்திரையில் இருந்து வைப்பு வட்டியில் 10 வீதம் நிறுத்திவைத்தல் வரி கழிக்கிறார்கள். உங்கள் இருவரில் யாருடைய வருட வருமானமும் 18 லட்சத்தைத் தொடவில்லை. அப்படிப்பட்டவர்கள் வங்கியில் ஒரு சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் கழிக்கமாட்டார்கள். சின்னத் தொகைதான், ஆனாலும் உங்கள் காசு.

சரி, அந்த 8,000 எங்கே இருக்கிறது?

முதலில் மகளின் பால்மா. இரண்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடுதான் பிரதானம், பால் அதற்குத் துணை. ஒரு நாளைக்கு நாலைந்து தரம் போத்தலில் பால் குடிக்கிற பிள்ளை சோற்றைத் தள்ளிவிடும். பிள்ளை சாப்பிடுதில்லை என்று இன்னொரு போத்தல் கரைப்போம். நானும் இப்படிச் செய்தவள்தான். காலையும் இரவும் ஒரு கப், அதுவும் கோப்பையில். இடையில் பயறு, கௌபி, அவித்த முட்டை, குரக்கன் கஞ்சி, நெத்தலி போட்ட முருங்கையிலை வறை. முருங்கை உங்கள் வேலியில் நிற்கும், அல்லது பக்கத்து வீட்டு வேலியில். நிறை குறைகிறதோ என்று பயம் வந்தால் கிளினிக் புத்தகத்தில் உள்ள வளர்ச்சிக் கோட்டைக் குடும்பநல மாதுவிடம் காட்டிக் கேளுங்கள். நிறை போதாத பிள்ளைக்கு அங்கேயே திரிபோஷா சத்துமா இலவசமாகக் கொடுப்பார்கள். பம்பேர்ஸை இந்த வெயில் காலத்திலேயே பகலில் நிறுத்திப் பழக்குங்கள். பங்குனி, சித்திரையில் கழுவிப் போட்டது ஒரு மணித்தியாலத்தில் காயும், மாரியில் இது முடியாது. அம்மம்மாவுக்கு இரண்டு கிழமை கஷ்டம் இருக்கும், அதை முதலே அவரோடு கதைத்துவிடுங்கள். இந்த 18,000 இல் 3,500 குறையும் என்பது என் மதிப்பு.

இரண்டாவது கடைக் கொப்பி. சந்திக்கடையில் கொப்பிக்கு எடுப்பதைக் குறை சொல்லமாட்டேன். 2022 இல் பால்மாவும் காஸும் இல்லாத நாட்களில் எங்களைத் தாங்கியது அந்தக் கடைக்காரர்கள்தான். ஆனால் கொப்பிக்கு எடுக்கும்போது கை எண்ணாது. மகன் கேட்ட சொக்லேற், திடீரென்று வந்த ஆட்களுக்குச் சோடா, எல்லாம் மாத முடிவில் ஒரே எண்ணாக வரும். இரண்டு மாதத்துக்கு மட்டும் கைக்காசுக்கு வாங்கிப் பாருங்கள். அரிசி, மா, பருப்பு, சீனி மாதத்துக்கு ஒரு தரம், மரக்கறி கிழமைக்கு இரண்டு தரம் மருதனார்மடம் சந்தையிலோ சுன்னாகத்திலோ. கார்த்திகை, மார்கழி மழையில் மரக்கறி விலை ஏறும், மாசி, பங்குனியில் இறங்கும். இறங்குகிற காலத்தில் வடகமும் மோர்மிளகாயும் போட்டு வைத்த எங்கள் அம்மாக்கள் ஒரு கணக்கோடுதான் போட்டார்கள். இதில் 2,000 வரும்.

கரண்ட் பில்லில் ஒரு விசயம் பலருக்குத் தெரியாது. வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. முதல் அலகில் இருந்தே வேறு அட்டவணைக்குப் போய்விடும். மேலே போகப் போக நிலையான கட்டணமும் ஏறும். உங்கள் பில்லில் அலகு எவ்வளவு என்று பாருங்கள். 65, 70 என்றால் கொஞ்சம் முயன்று 60 க்குள் கொண்டுவருவது பெரிய வித்தியாசம். மீற்றரை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்து எழுதுங்கள். கிணற்று மோட்டரை ஒரு நாளில் நாலு தரம் போடாமல் தாங்கியை நிரப்பி விடுங்கள். துணியைச் சேர்த்து ஒரே நாளில் அயன் பண்ணுங்கள். போன் டேட்டாவும் சேர்த்து 1,500 குறைக்கலாம்.

இதுவரை 7,000. மிச்சம் 1,000 ரூபாயை மாதச் செலவில் தேடாதீர்கள். அது விசேடங்களில் இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் மூத்தவளின் முதலாவது பிறந்தநாளுக்கு 120 பேரைக் கூப்பிட்டோம். வீடியோக்காரர், இரண்டு தட்டுக் கேக், பந்தல், எல்லாம். அதற்காக என் சங்கிலியை அடகு வைத்தோம், மீட்க மூன்று வருடம் பிடித்தது. பிள்ளை அன்று முழுக்க அழுதுகொண்டிருந்தாள். ஆட்களைக் கண்டு பயம், உடுப்பு குத்தியது. அவளுடைய பல்லுக்கொழுக்கட்டையை மட்டும் நாங்கள் வீட்டுக்குள்ளேயே செய்தோம். மாமிமார் நாலு பேர், ஒரு சுளகு, சின்னச் சின்னக் கொழுக்கட்டை. தலையில் கொட்டியதும் அவள் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முன்னால் வைத்த தட்டில் புத்தகமும் பேனையும் காசும் காப்பும் இருந்தன, அவள் எட்டி எடுத்தது கொழுக்கட்டையை. அந்த நாளுக்கு ஆன செலவு அரிசிமாவும் பயறும் சர்க்கரையும்தான். விஜயதசமியில் கோயிலில் அரிசியில் 'அ' எழுதி ஏடு தொடக்கியதும் அப்படித்தான்.

ஆகவே இந்த வருடம் இரண்டு பிறந்தநாளையும் வீட்டோடு, ஒவ்வொன்றும் 4,000 ரூபாய்க்குள் செய்யுங்கள். கோயிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் கேக், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆறேழு பேர். 20,000 இல் 12,000 மிஞ்சும், அதுதான் மாதம் 1,000. ஆட்கள் என்ன சொல்லுவார்கள் என்று கணவர் கேட்பார். இரண்டு நாள் சொல்லுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் மாமா சித்தப்பாமார் பெரிதாகச் செய்யச் சொல்லிக் காசு அனுப்புவார்கள், பிறகு படத்தில் கொண்டாட்டத்தைப் பார்க்க ஆசைப்படுவார்கள். அவர்கள் அனுப்பும் முன்னமே கதையுங்கள்: "மாமா, இந்த முறை வீட்டோடு செய்யிறம். நீங்கள் தாறதை மகனின் வங்கிப் புத்தகத்தில் போட்டுப் படம் அனுப்புறன்." தூரத்தில் இருந்து பாசத்தோடு தருகிறவர்கள் இதைக் கேட்டுச் சந்தோசப்படுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். ஒன்று கவனம்: வெளிநாட்டுக் காசை ஒருநாளும் மாத வருமானத்தில் சேர்த்து எண்ணாதீர்கள். அங்கேயும் அவர்களுக்கு வீட்டுக்கடன் இருக்கிறது, அவர்கள் பிள்ளைகளும் வளர்கிறார்கள்.

மற்றவர்கள் வீட்டு விசேடத்துக்குப் போகாமல் இருக்கச் சொல்லமாட்டேன். நாளைக்கு எங்கள் வீட்டில் ஒரு துக்கம் என்றால் வந்து நிற்கிறவர்கள் அவர்கள்தான். ஆனால் என்வலப்புக்குள் வைக்கிற தொகையை முதலே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்: நெருங்கிய சொந்தம், ஊரவர், வேலைத்தலம் என்று மூன்று தரம். மண்டப வாசலில் நின்று முடிவு செய்தால் எப்போதும் கூடத்தான் போகும்.

மாமியாருக்குக் கொடுக்கும் 8,000 இல் கை வைக்க வேண்டாம். அதைக் குறைக்கலாமோ என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்தது, எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் காசைக் குறைத்தால் கணவர் வேறு வழியில் கொடுப்பார், பிறகு இருவருக்கும் நடுவில் தெரியாத கணக்கு ஒன்று முளைக்கும். வெளிப்படையாக இருக்கும் செலவைத் தாங்கலாம், ஒளித்த செலவைத் தாங்க முடியாது.

சீட்டுக்கு வருகிறேன். 20 பேர், ஆளுக்கு 5,000, மொத்தம் ஒரு லட்சம். முதல் மாதமே காசு வேண்டும் என்றால் கழிவு கேட்க வேண்டும். 20,000 கழிவுக்கு எடுத்தால் உங்கள் கைக்கு 80,000 வரும், அந்தக் கழிவு மற்றவர்களுக்குப் பிரியும். முந்தி எடுப்பவர் வட்டி கட்டுகிறார், பிந்தி எடுப்பவர் வட்டி பெறுகிறார், சீட்டின் உள்விசயம் அவ்வளவுதான். காப்பை மீட்க முந்தி எடுத்தால் ஒரு கடனை இன்னொரு கடனால் மாற்றுகிறீர்கள், அதோடு 20 மாதம் 5,000 கட்ட வேண்டும். இப்போது குறைவில் ஓடுகிற வீட்டுக்கு அது கூடாது. சீட்டுப் பிடிப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இடையில் நாலு பேர் கட்டாமல் விட்டால் அவரும் விழுவார், உங்களிடம் எழுத்தில் ஒன்றும் இருக்காது. நானும் ஒருமுறை 11 மாதம் கட்டிய சீட்டில் ஒரு சதமும் காணாமல் விட்டவள்.

காப்புக்கு வேறு வழி உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. லீசிங் கார்த்திகையில் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மார்கழியில் இருந்து அந்த 14,000 சும்மா இருக்கும். பெரும்பாலான வீடுகளில் இந்த மாதம்தான் புது போன் வரும், அல்லது அடுத்த லீசிங் வரும். நீங்கள் அதே திகதியில், அதே 14,000 ரூபாயை அடகுக்குக் கட்டுங்கள். அடகுத் தவணை பெரும்பாலும் ஒரு வருடம். தவணை முடிகிற திகதியைப் பற்றுச்சீட்டில் பாருங்கள், அதற்கு முன் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் ஏலத்துக்குப் போகும். முதலைப் பகுதி பகுதியாகக் கட்டலாமா என்றும் கேளுங்கள், வங்கிகளில் கட்டலாம். முதல் மட்டும் என்றால் ஏழு மாதத்தில் முடியும், வட்டியோடு ஒன்றிரண்டு மாதம் கூடலாம். அடுத்த வருடம் ஆவணியில் காப்பு கையில் இருக்கும்.

கணவரின் ஊழியர் சேமலாப நிதியையும் (EPF) ஒருமுறை பாருங்கள். சம்பளத்தில் அவருடைய பங்கு 8 வீதம், நிறுவனம் 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3 வீதம் நிறுவனமே கட்ட வேண்டும். ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பது அவருடைய உரிமை.

இனி அந்த ஒன்பது இலக்குகள். தை முதலாம் திகதி எழுதியதுதான் முதல் பிரச்சினை என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடம், பொங்கல், மழை, காய்ச்சல் எல்லாம் ஒன்றாக வரும் நேரத்தில் யாருக்கும் புதிதாக ஒன்று தொடங்கப் பலம் இருக்காது. சித்திரைக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது, வருடப்பிறப்பில் இருந்து தொடங்குங்கள். கைவிசேடம் வாங்குகிற நாளில் அந்தத் தனிக் கணக்குக்கும் முதல் காசு போகட்டும். சித்திரைச் செலவு அதற்கு முன்னமே வந்துவிடுவதால் இம்முறை பிள்ளைகளுக்கு மட்டும் புது உடுப்பு எடுங்கள்.

ஒன்பதில் மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள். காப்பு ஒன்று. குசினிக் கூரை ஒழுகுகிறது என்றீர்களே, அது ஒன்று, அதற்குத்தான் வருடக் கணக்கில் 25,000 போட்டேன். மூன்றாவது, மகனுக்கு இரவில் கதை வாசிப்பது. நீங்கள் "தினமும் ஒரு மணித்தியாலம்" என்று எழுதியிருந்தீர்கள். பாமசியில் நின்று வந்த கால்களோடு அது நடக்காது. கிழமைக்கு நாலு இரவு, பத்து நிமிடம், அதில் இரண்டு இரவு அப்பா. முதலாம் வகுப்புக்கு முன் இங்கிலிஷ் ரியூசன் வேண்டுமா என்றால், வேண்டாம். நாலாம், ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் என்று எப்படியும் ஓடத் தொடங்குவீர்கள். அதுவரைக்கும் அவன் மண்ணில் விளையாடட்டும்.

கணக்குப் பார்ப்பதற்கு ஒரு நாள் வேண்டும். மாதம் ஒரு பூரணை வரும், போயா விடுமுறை, இருவரும் வீட்டில் நிற்பீர்கள். பிள்ளைகள் படுத்த பிறகு அரை மணித்தியாலம், பிளேன்ரீயோடு. முதலில் இந்த மாதம் ஒழுங்காக நடந்ததைச் சொல்லுங்கள், பிறகு எண்கள். கை வெறுமையான நாளில் காசைப் பற்றிக் கதைக்காதீர்கள், அன்று வருவது சண்டைதான். ஆடியிலும் தையிலும் வருடக் கணக்கைத் திரும்ப எழுதுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாக ஏறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். போன வருடத்து எண்ணை நம்பி இருக்கக்கூடாது என்பது அப்போது நன்றாக விளங்கியது.

மகன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். அவன் முன்னால் "காசில்லை, காசில்லை" என்று சொல்லாதீர்கள், ஐந்து வயதில் அது பயமாகத்தான் இறங்கும். "இது இந்த மாதக் கணக்கில் இல்லை" என்றால் போதும். நல்லூருக்குப் போகும்போது 500 ரூபாயை அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஐஸ்கிறீமா, விளையாட்டுக் காரா, எது வேண்டும் என்று கடை கடையாக அவனே நின்று யோசிக்கட்டும். காரை வாங்கிவிட்டு ஐஸ்கிறீமுக்கு அழுதாலும் மேலே கொடுக்காதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு நடவுங்கள், அடுத்த தெருவில் மறந்துவிடுவான்.

கூரை வேலைக்கு ஆளை ஆவணியிலேயே கண்டு கதைத்து, புரட்டாதியில் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கினால் எல்லா வீட்டுக்காரரும் ஒரே ஆளைத் தேடுவார்கள், கூலியும் ஏறிவிடும். உடைந்த ஓடுகள் எத்தனை என்று இப்போதே ஏணி வைத்து எண்ணி எழுதி வைத்தால், சுன்னாகம் போகிற ஒரு நாளில் விலையும் கேட்டு வரலாம்.